நரித் தோலை சோப்புப் பவுடரில் ஊறவைக்கலாமா?

தம்பி கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் சோப்புக் கேள்வி. தென்னாப்பிரிக்காவில் லேடிஸ்மித் பக்கம் மாமாவின் சின்னப் பண்ணையில் இருக்கிறார். ஆடு குட்டி போடும் சமயத்தில் பக்கத்துப் பண்ணைக்காரர் சுடும் நரிகள் இவரிடம் வருகின்றன. ஆறு தோல் உரித்து ஃப்ரீசரில் வைத்திருக்கிறார். எல்லாவற்றிலும் ரத்தம், சேறு, ஒட்டுப்புல். இவற்றைத் துணிப் பவுடரில் ஓர் இரவு ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, ஃபர் வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பினால் என்ன கிடைக்கும் என்று கேட்கிறார். வாங்குகிறவன் ஒரு தோலில் எதைப் பார்ப்பான், அதில் எவ்வளவு என் கையில் இருக்கிறது என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். பவுடருக்கும் வெயிலுக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டும் வேண்டாம். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளம்.

நான் ஆம்பூர்க்காரன். சென்னையில் லெதர் டெக்னாலஜி படித்து, இருபது வருடத்துக்கு மேலாக பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் தோல் வேலையில் இருக்கிறேன். பெரும்பகுதி முடியோடு பதனிடும் ஆட்டுத்தோல். பண்ணைக்காரர்கள் பக்கியில் (இங்கே பின்புறம் திறந்த சிறு லாரிக்கு அதுதான் பெயர், சிரிக்காதீர்கள்) போட்டுக் கொண்டுவரும் ஸ்ப்ரிங்பாக் மான், நரி, முயல் தோல்களையும் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஆனால் ஃபர் ஏலக் கூடத்தில் தரம் பிரிக்கும் மேசையில் நின்றவன் இல்லை. அதனால் தோலுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லும்போது என்னை முழுதாக நம்பலாம். விலை பற்றிச் சொல்லும்போது பாதி நம்பினால் போதும்.

முதலில் பவுடர். இன்று கடையில் விற்கும் பல துணிப் பவுடர்களில் கறை நீக்க என்று என்சைம் சேர்த்திருப்பார்கள். ரத்தம், முட்டை, சோற்றுக்கறை எல்லாவற்றையும் கரைப்பது அதுதான். அதில் முக்கியமானது புரதத்தைத் தின்னும் வகை. தோல் என்பதே புரதம், முடியைப் பிடித்து வைத்திருக்கும் வேரடியும் புரதம். தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்) சுண்ணாம்புக்குப் பதிலாக முடியை நீக்குவதற்கே இதே வகை என்சைம்களைப் பயன்படுத்துகிறார்கள். ஆக, நாங்கள் முடியைக் கொட்ட வைக்க எதைப் போடுகிறோமோ, அதை நீங்கள் முடியைக் காப்பாற்றப் போடுகிறீர்கள். என்சைம் இல்லாத பவுடரும் காரம் மிகுந்தது. தோலை வீங்க வைத்து முடியின் பிடியைத் தளர்த்தும். இது புத்தகத்தில் படித்து மட்டும் வந்த அறிவு இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வாடிக்கையாளரின் ஆட்டுத்தோல் நான்கை அவசரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் பவுடர் போட்டு அலசினேன். இரண்டில் கம்பளி பாய் மாதிரி திரண்டுவிட்டது. இன்னொன்றில் விலாப்பக்கம் கையோடு வந்தது. நான்காவது எப்படித் தப்பியது என்று இன்றுவரை புரியவில்லை.

முடி கொட்டுவதன் மூலகாரணம் பவுடர் இல்லை, பாக்டீரியா. உயிர் போன நிமிடத்திலிருந்து அது வேலையைத் தொடங்கிவிடும். மேல்தோலும் அடித்தோலும் சேரும் இடம்தான் அதற்கு முதல் தீனி. முடியின் வேர்ப்பையும் அங்கேயே இருக்கிறது. அதனால் தோல் நாறுவதற்கு முன்பே முடி தளர்ந்துவிடும். டர்பன் பக்கத்துக் கோடை வெக்கையில் இதற்குச் சில மணிநேரம் போதும். வயிறும் தொடை இடுக்கும் முதலில் போகும். உங்கள் ஆறு தோலையும் ஃப்ரீசரிலிருந்து எடுத்து உறை இளகியதும் முதல் வேலையாக வயிற்றுப்பக்கம் நாலைந்து முடியை இரு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு வந்தால் பயமில்லை. கொத்தாக, வேரோடும் மெல்லிய மேல்தோல் சவ்வோடும் வந்தால் அந்தத் தோல் முடிந்தது. அதற்குக் கழுவல் மருந்து கிடையாது. இளக வைப்பதும் நிழலில், குளிர்ந்த இடத்தில், மெதுவாக. வெந்நீரில் முக்கி அவசரப்படுத்தினால் வெளிப்பக்கம் அழுக ஆரம்பிக்கும்போது நடுவில் இன்னும் பனிக்கட்டி இருக்கும். இளகியதை மறுபடி உறைய வைக்கவும் வேண்டாம். ஒரு நாளில் எத்தனை முடிக்க முடியுமோ அத்தனையை மட்டும் வெளியே எடுங்கள்.

கழுவும் முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: யாருக்கு விற்கப் போகிறீர்கள்? உள்ளூர்த் தோல் ஷாப்புக்கோ, பதனிட்டுத் திருப்பித் தருகிறவருக்கோ என்றால் உப்பு. சதையை வழித்துவிட்டு, தோலின் எடையில் பாதி அளவுக்குக் குறையாமல் பொடி உப்பைச் சதைப்பக்கம் தேய்த்து, ஓரங்களையும் காது மடிப்பையும் விடாமல், தண்ணீர் வடியச் சாய்த்து வைக்க வேண்டும். காட்டு விலங்கின் ரோமத்தை வாங்கும் வெளிநாட்டு ஃபர் வியாபாரிகளுக்கு என்றால் பொதுவாக உப்பே வேண்டாம். அவர்கள் கேட்பது பலகையில் இழுத்துக் காற்றில் காயவைத்த பச்சைத் தோல். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், கடலோரத்தில் மழை நாளில் சொட்டவே செய்யும். வீட்டிலேயே பதனிட்டு அனுப்பினால் கூட விலை கிடைக்குமே என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. ஃபர் பதனிடுபவர்கள் தங்கள் முறையில்தான் செய்வார்கள். நாம் படிகாரத்தில் போட்டோ வாட்டில் (தோல் பதனிட உதவும் ஒரு வேல மரம்) பட்டையில் போட்டோ கொடுத்தால், அதை அவிழ்க்க முடியாத முடிச்சாகத்தான் பார்ப்பார்கள். வாட்டில் பட்டை உங்கள் ஊர்ப்பக்கம் மலிவு என்பதால் சொல்கிறேன், அது செருப்புத் தோலுக்கு நல்லது, ஃபருக்கு இல்லை, சிவப்பேற்றும், இறுக்கும். என் தாத்தா காலத்தில் ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஷாப்புகளில் உள்ளூர் ஆவாரம் பட்டையோடு தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த வாட்டில் பட்டையும் இருந்தது. 1946இல் இந்தியா இந்த நாட்டோடு வணிகத்தை நிறுத்தியது. பட்டையைத் துரத்திக்கொண்டு பேரன் இங்கே வந்து சேர்ந்திருக்கிறேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒட்டுப்புல்லும் பிளாக்ஜாக் முள்ளும். இவற்றைத் தோல் நனைவதற்கு முன், அகலப் பல் சீப்பால் பொறுமையாக எடுக்க வேண்டும். இது அழகுக்காக இல்லை. பலகையில் போட்டுச் சதை வழிக்கும்போது முடிக்குள் ஒரு முள்ளுருண்டை இருந்தால் தோல் அந்த இடத்தில் மேடாக எழும்பும். கத்தி அந்த மேட்டைச் சீவிவிடும். எங்களிடம் வரும் நரித் தோல்களில் துப்பாக்கிக் குண்டு போட்ட ஓட்டையைவிட இப்படி விழுந்த ஓட்டைகள் அதிகம். காய்ந்த சேற்றுக் கட்டியும் இதே வேலையைச் செய்யும். அதனால் சேறு அதிகம் இருக்கும் தோலை முதலில் கழுவிவிட்டுச் சதை வழிக்க வேண்டும். வெறும் ரத்தக்கறை என்றால் முதலில் சதை, பிறகு கழுவல். வழிக்கும்போது முடியில் படும் கொழுப்பும் சேர்ந்து போகும் என்பதால் எனக்குப் பிடித்தது இரண்டாவது வரிசை.

கழுவுவது உண்மையில் சின்ன வேலை. இருபது லிட்டர் வாளியில் குழாய்த் தண்ணீர், பச்சைத் தண்ணீர். சூடு பட்டால் ரத்தத்தின் புரதம் உறைந்து முடியில் கறையாக நின்றுவிடும். அதில் பாத்திரம் கழுவும் சன்லைட் திரவம் இரண்டு மூடி. அது கொழுப்பை எடுக்கும், புரதத்தைத் தின்னாது. தோலை முடி வெளியே இருக்கும்படி திருப்பி, முக்கி முக்கி எடுங்கள். கசக்க வேண்டாம், முறுக்க வேண்டாம். ரத்தம் திட்டாக இருக்கும் இடத்தை மட்டும் விரலால் முடியின் போக்கிலேயே நீவி விடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தண்ணீரில் கிடக்கக் கூடாது. ஓர் இரவு ஊறல் என்பது ஒட்டுமொத்தத் தப்பு, எந்த சோப்பாக இருந்தாலும். பிறகு நுரை நிற்கும்வரை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசல். சோப்பு மிச்சம் இருந்தால் காய்ந்தபின் முடி ஒட்டி ஒட்டி நிற்கும். மூக்கைப் பிடித்துத் தொங்கவிட்டு நீரை வழிய விட்டு, பழைய துணியால் ஒற்றி எடுங்கள். வாஷிங் மெஷினின் பிழியும் சுற்றில் போடலாம், பலர் போடுகிறார்கள், வேலையும் நன்றாகவே நடக்கும். மாமி வீட்டில் இல்லாத நாளாகப் பாருங்கள்.

அதன்பின் வரிசை முக்கியம்: முடி முதலில் காய வேண்டும், தோல் பிறகு. முடி வெளியே இருக்கும்படியே தொங்கவிட்டு ஃபேன் காற்றில், நடுநடுவே உதறி, சீப்பால் அடியிலிருந்து தூக்கிவிட்டுக்கொண்டே இருந்தால் சில மணிநேரத்தில் பொசுபொசுவென்று எழும்பும். எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருந்தால் கரடுமுரடான மீலி (மக்காச்சோள) மாவைத் தூவித் தேய்த்து உதறுங்கள். ஃபர் தொழிற்சாலையில் பெரிய டிரம்மில் மரத்தூளோடு சுழற்றுவதும் இதே தத்துவம்தான். பைன் மரத்தூள் இங்கே சும்மா கிடைக்கும் என்று அள்ளிப் போட்டுவிடாதீர்கள், அதன் பிசின் முடியில் ஏறினால் பெரிய தொல்லை.

சதை வழிப்பதைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். எழுதினாலும் கை பழகாமல் வராது. சாய்வான உருட்டுப் பலகையில் தோலை, சதைப்பக்கம் மேலே வர, உறை மாதிரி மாட்டி, கழுத்திலிருந்து வாலை நோக்கித் தள்ளிக்கொண்டே போவது. கொழுப்பும் சதையும் சவ்வும் போக வேண்டும், அதோடு நிறுத்த வேண்டும். இன்னும் சுத்தமாக இருக்கட்டும் என்று ஆழமாகப் போனால் முடியின் வேர் சதைப்பக்கம் புள்ளி புள்ளியாகத் தெரியும், அந்த முடி எல்லாம் ஒருநாள் கொட்டும். கொழுப்பை விட்டால் அது காற்றில் கெட்டு, மஞ்சளாகி, தோலைச் சுட்டுவிடும். பார்க்க நன்றாக இருக்கும், பதனிடும் டிரம்முக்குள் போனதும் அப்பளமாக உடையும். இந்த இரண்டு தப்பில் புதியவர்கள் செய்வது பெரும்பாலும் இரண்டாவது. வாலில் எலும்பை உருவிவிட்டு நுனிவரை கீறிவிடுங்கள். கீறாத வால் உள்ளேயே அழுகி, ஒருநாள் கையோடு வரும். காதின் குருத்தெலும்பையும் பாருங்கள், அங்கேயும் ஈரம் நிற்கும். குண்டு துளைகளை ஈரமாக இருக்கும்போதே சதைப்பக்கத்தில் நெருக்கமாகத் தைத்துவிட வேண்டும். காய்ந்தால் ஓட்டை விரிந்தே நிற்கும்.

பலகையில் போடும்போது முதலில் தோல் வெளியே, முடி உள்ளே. தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும், ஆனால் உதடும் காதும் இன்னும் மடங்கும்போதே, கழற்றித் திருப்பி முடி வெளியே வர மறுபடி மாட்ட வேண்டும். நரி, கயோட்டி வகைக்கு இதுதான் முறை. மிங்க், கஸ்தூரி எலி போன்றவை தோல் வெளியே இருந்தபடியே விற்கும். திருப்பும் நேரம்தான் இந்த வேலையிலேயே நுட்பமானது. லேடிஸ்மித்தின் குளிர்கால வறண்ட காற்றில் இரவு மாட்டிவிட்டுத் தூங்கினால் காலையில் தகடாகியிருக்கும், திருப்பினால் கிழியும். ஆறேழு மணிநேரத்தில் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். டர்பனில் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். இடம் நிழலாக, காற்றோட்டமாக, பதினைந்து இருபது டிகிரியில் இருந்தால் உத்தமம். வெயிலில் போட்டால் மேற்பரப்பு ஓடு மாதிரி இறுகி, நடுவில் ஈரம் சிக்கிக்கொண்டு அழுகும். ஈரத்தோடு சூடு அதிகம் ஏறினால் தோல் பசையாகவே மாறும். தகரக் கூரைக்கு அடியில் மாட்டுவதும் வெயிலில் போடுவதும் ஒன்றுதான்.

இவ்வளவும் உங்கள் கையில் இருப்பவை. கையில் இல்லாதது பருவம். விலங்குக்கு அடர்ந்த முடி குளிர்காலத்துக்காக வருகிறது. நமக்கு அது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. சதை வழித்த தோலின் உள்பக்கம் வெண்மையாக, பாலாடை நிறத்தில் இருந்தால் முடி வளர்ந்து முடிந்துவிட்டது. நீலம் பாய்ந்து கறுப்பாக இருந்தால் வேர்களில் இன்னும் நிறமி இருக்கிறது, முடி வளர்ந்துகொண்டே இருந்த சமயத்தில் உயிர் போயிருக்கிறது என்று அர்த்தம். வாங்குகிறவர் முடியை ஊதிப் பார்ப்பார், பிறகு ஓரத்தை விரித்து உள்தோலைப் பார்ப்பார். இரண்டாவது பார்வையில்தான் பெரும்பாலும் முடிவு. பக்கத்துப் பண்ணையில் ஆடு குட்டி போடுவது வசந்தத்தில் என்றால் உங்கள் தோல்கள் முடி உதிரும் காலத்தவை. எந்த சோப்பும் அதை மாற்றாது.

விலை. இந்த நாட்டுப் பக்கம் உலக ஃபர் சந்தைக்குப் போன பெரிய சரக்கு நரி இல்லை, காரகுல் ஆட்டுக்குட்டி. லைப்சிக் ஃபர் வியாபாரி பால் தோரர் முயற்சியால் 1907இல் இன்றைய நமீபியாவுக்கு வந்த ஆடு அது. பின்னர் நார்தர்ன் கேப்பின் வறண்ட நிலத்திலும் பரவியது. பிறந்து ஓரிரு நாளுக்குள் குட்டியைக் கொன்று எடுக்கும் சுருள்முடித் தோல். எனக்கு மனசு ஒப்பாத தொழில், ஆனால் சுத்தத்துக்கு அவர்களைத்தான் பார்க்க வேண்டும். ரத்தம் காயும் முன் கழுவி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, நிழலில் காயவைப்பார்கள். அந்தத் தோல்கள் விற்ற கோபன்ஹேகன் ஏல நிறுவனமே, டென்மார்க்கில் கொரோனா பயத்தில் பண்ணை மிங்க்குகளை ஒட்டுமொத்தமாக அழிக்க அரசு உத்தரவிட்டபின், 2020 நவம்பரில் படிப்படியாக மூடப்போவதாக அறிவித்தது. சந்தை அந்த நிலையில் இருக்கும்போது ஆறு நரித் தோலைக் கப்பலேற்றுவது தபால் செலவுக்கும் தாளாது என்பது என் அபிப்பிராயம். கரோஸ் எனும் முடித்தோல் போர்வை தைப்பவர்களும், வீட்டில் விரிக்கத் தோல் வாங்குபவர்களும் உள்ளூரிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு என்றால் உப்புப் போட்டு ஒரு தோல் ஷாப்பில் பதனிட்டு விற்பதே லாபம்.

சட்டத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. உங்களிடம் இருப்பது கருமுதுகு நரிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முதுகில் வெள்ளி கலந்த கறுப்புச் சேணம் இருக்கும், ஜூலுவில் இம்புங்குஷே என்பார்கள். சாம்பல் நிறத்தில் சிறியதாக இருக்கும் கேப் நரி, புள்ளி போட்ட செர்வல் பூனை இரண்டும் 2007இல் வெளியிட்ட விதிகளின்படி பாதுகாக்கப்பட்டவை. சிறுத்தைத் தோல் என்று யாராவது கொண்டுவந்தால் கையால் தொடாதீர்கள். வழிபாட்டு நடனத்துக்குச் சிறுத்தைத் தோல் அணியும் ஷெம்பே திருச்சபைக்காரர்களுக்கே 2013இலிருந்து பாந்தரா என்ற அமைப்பு துணியில் அச்சடித்த சிறுத்தைத் தோலைக் கொடுத்து வருகிறது. விதி மாகாணத்துக்கு மாகாணம் வேறு, அதனால் விற்கும் முன் எசெம்வேலோ (நம் மாகாண வனவிலங்கு அமைப்பு) அலுவலகத்தில் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

அதைவிட அவசரமானது ரேபிஸ். கருமுதுகு நரி அதைச் சுமக்கும் விலங்கு. லிம்போபோ பக்கம் நரிகளிடையே அது வேரூன்றியது. நம் குவாசூலு-நேட்டாலில் பெரும்பாலும் நாய் வழியாக வருகிறது. எச்சில், மூளை, முதுகுத் தண்டு இவற்றில் வைரஸ் இருக்கும். ஃப்ரீசர் அதைக் கொல்லாது, பத்திரமாக வைத்திருக்கும். தலையை உரிக்கும்போது கை கீறியிருந்தாலோ, எச்சில் கண்ணிலோ வாயிலோ பட்டிருந்தாலோ, எத்தனை நாள் ஆகியிருந்தாலும் இன்றைக்கே கிளினிக்குக்குப் போய் ஊசி பற்றிக் கேளுங்கள். தோல் காத்திருக்கும். இனிமேல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நரியின் குடலில் இருக்கும் நாடாப்புழு முட்டை வாலடி முடியில் ஒட்டியிருக்கலாம் என்பது இன்னொரு காரணம்.

கடைசி அலசலில் வினிகர் விடலாமா, போராக்ஸ் தூவலாமா, தலைக்குப் போடும் கண்டிஷனர் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வினிகர் ஒரு மூடி விட்டால் சோப்பின் காரம் போகும், கெடுதல் இல்லை, பெரிய நன்மையும் நான் பார்த்ததில்லை. போராக்ஸ் பூச்சிக்கு ஆகும், ஆனால் உள்பக்கம் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் எதை மறைக்கிறான் என்று வாங்குகிறவருக்குத் தோன்றும். கண்டிஷனரில் தொழில்காரர்களுக்குள்ளேயே சண்டை. போட்ட தோல் கையில் மென்மையாக இருக்கிறது, ஆனால் முடி படுத்துக்கொள்கிறது என்று எனக்குப் படுகிறது. நான் போடுவதில்லை.

ஆறில் எது மோசமோ, அதை முதலில் எடுத்துச் செய்யுங்கள். திருப்பும் முன், பலகையில் தோல் வெளியே இருக்கும்போது, பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். முடிப்பக்கம் படம் வேண்டாம், அது எல்லாத் தோலிலும் அழகாகத்தான் விழும்.